வாழ்த்துகள், உங்கள் வீட்டுக்கு மாவுப்பூச்சி வந்திருக்கிறது

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. குழாயில் தண்ணீர் வரும் சத்தத்தில் எழுந்தேன். டிரம்மை நிரப்பி மூடி போட்டேன். வாசலில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துக் காய்ச்சினேன். காபி குடித்து, பேப்பரில் தலைப்புகளை மட்டும் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படி செடிகளிடம் போனேன். பம்பாய்ச் செம்பூரில் எங்களைப் போன்றவர்களுக்கு ஜன்னலுக்கு வெளியே பெட்டி மாதிரி நீட்டிக் கட்டிய கிரில்தான் தோட்டம். மூன்றாம் மாடியில் எங்கள் கிரிலில் இடமிருந்து வலமாகத் துளசி, கற்றாழை, மணிபிளாண்ட், செம்பருத்தி. அதே வரிசையில்தான் தண்ணீர் ஊற்றுவேன்.

செம்பருத்திக்கு வந்தபோது கை நின்றது. கிளையும் இலைக்காம்பும் சேரும் இடுக்குகளில், பஞ்சைக் கிள்ளி ஒட்டியது போல வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. போன வாரம் இருந்ததைவிடப் பெரிதாக, உடம்பெல்லாம் நூல் நூலாகத் தொங்கவிட்டுக்கொண்டு.

வேறு ஞாயிறாக இருந்தால் இதற்குப் பதறியிருக்க மாட்டேன். ஆனால் அன்று மாலை எங்கள் கட்டிட சொசைட்டியின் செக்ரெட்டரி வந்து பார்வையிடப் போகிறார். எங்கள் வரிசை கிரில்களில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால், மறுநாள் காலை மருந்தடிக்கும் ஆட்கள் வந்து தொட்டிகளை எல்லாம் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு, கிரில் முழுக்க மருந்தடிப்பார்கள். லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. எனக்குப் போவது நான்கு தொட்டி. நான்காம் மாடியில் எனக்கு நேர் மேலே இருந்தவருக்குப் போவது ஒரு காடு.

வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த பாட்டில் தயாராக இருந்தது. போன ஞாயிறு அதன் மூக்கு அடைத்துக்கொண்டதால் மருந்து அடிக்கவில்லை. புது மூக்கு மாட்டி, செம்பருத்திக்கு நேராகப் பிடித்து, விரலை வைத்தேன்.

"அண்ணாச்சி! நில்லுங்க! கைய எடுங்க!"

அண்ணாந்து பார்த்தேன். மேல் கிரிலின் கம்பிகளுக்கு இடையில் பல்பொடி நுரையோடு ஒரு முகம்.

"அடிச்சிட்டியளா?"

"இன்னும் இல்லை."

"அடிச்சிராதீய. கடவுளே, அடிச்சிராதீய. நான் வாரேன்!"

கட்டிடத்தில் எல்லோரும் அவருக்கு வைத்திருந்த பெயர் பூச்சி அக்கா. எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் நானும் அக்கா என்றே கூப்பிட்டேன், அவர் என்னை அண்ணாச்சி என்றார். தாராவியில் பிறந்து வளர்ந்தவர். பேச்சு மட்டும் திருநெல்வேலியை விட்டு ஒரு அடிகூட நகரவில்லை. செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கழுத்தில் தாலிக்கொடியோடு கறுப்பு நூலில் ஒரு சின்ன லென்ஸ் தொங்கும். "ரெண்டையும் கழட்டுறதில்ல" என்பார்.

எந்த வீட்டுக்குள் வந்தாலும் அவருடைய கை முதலில் செடியிடம் போகும். இலையைத் திருப்பும். பிறகுதான் "சௌக்கியமா" என்று கேட்பார். பூச்சி இல்லையென்றால் முகம் சற்று வாடும். இருந்துவிட்டால் கண் விரியும். நம் கையைப் பிடித்துக் குலுக்குவார். "வாழ்த்துகள் அண்ணாச்சி! ஒங்க வீட்டுக்கு அசுவினி வந்திருக்கு!" குழந்தை பிறந்த வீட்டில் சொல்வது போலத்தான் சொல்வார். முதல் தடவை என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. மாட்டுங்காவில் வளர்ந்தவள். வீட்டில் பூச்சி என்று வெளியில் ஒருவர் சொல்வதே அவளுக்கு அவமானம்.

"ஏன்னா, இவ வாழ்த்தறாளா, மானத்தை வாங்கறாளா?"

"மாமி, கண்டுபிடிச்சாச்சுல்லா? இனி அது போயிரும். கண்டுபிடிக்காம இருந்தாத்தான் வருத்தப்படணும்."

ஒவ்வொரு பூச்சிக்கும் அவரிடம் ஒரு பம்பாய் முகவரி இருந்தது. இளந்தண்டில் நெருக்கியடித்து ஒட்டிக்கொண்டிருக்கும் அசுவினி, காலை நேரத்து லோக்கல் ரயில். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் இறங்கிவிடும். இலையைத் தொட்டதும் குப்பென்று பறந்து, நாம் திரும்பியதும் அதே இடத்தில் வந்து உட்காரும் வெள்ளை ஈ, ஸ்டேஷன் வாசல் நடைபாதைக் கடை. அதற்கு மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட வேண்டும். தண்டில் ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும் செதில் பூச்சி, முன்பணம் கொடுத்துவிட்டுத் தலைமுறையாக அற்ப வாடகையில் இருக்கும் பழைய 'பக்டி' குடித்தனம். தானாகக் காலி செய்யாது, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். சிலந்திப்பேனுக்கு மட்டும் முகவரி கிடையாது. அது கண்ணுக்கே தெரியாது. இலைக்குக் கீழே வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டி, விழுந்த தூசி நடக்கிறதா என்று பார்ப்பார். தூசி நடந்தால் "நடக்குது, நடக்குது!" என்று கைதட்டுவார்.

அவர் சொன்னது எல்லாமே சரியாக இருந்ததில்லை. முதல் மாடியில் ஒரு வீட்டில், பச்சை இலையில் வெள்ளைத் தெளிப்புள்ள அலங்காரச் செடியைப் பார்த்ததும் வாழ்த்துச் சொல்லி, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் துடைத்த பிறகுதான் அந்த இலைக்கே அதுதான் நிறம் என்று தெரிந்தது. "பெறவியிலேயே அப்படியா? சரி, குளிப்பாட்டுன மாதிரி இருக்கட்டும்" என்று அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

என் மைத்துனர் மகளுக்கு மாட்டுங்காவில் ஒரு மாப்பிள்ளையைப் பார்க்கப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனபோது, காரில் இடம் இருக்கிறது என்று பூச்சி அக்காவும் ஏறிக்கொண்டார். போகும் வழியெல்லாம் என் மனைவி எச்சரித்தாள்: "அங்க போய்க் கையைக் கட்டிண்டு உக்காரணும். சத்தியம் பண்ணு." செய்தார். பஜ்ஜி வரும்வரை காப்பாற்றினார். சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் செடி இருந்தது. பஜ்ஜித் தட்டை வாங்கக் கையை நீட்டியவர், போகிற போக்கில் இலையைத் திருப்பிவிட்டார்.

"மாமி! வாழ்த்துகள்! செதில் பூச்சி!"

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்காத்துலயா? பூச்சியா?"

"எப்படி ஒட்டிக்கிட்டு இருக்கு பாருங்க! பழைய டூத் பிரஷ் ஒண்ணு குடுங்க."

என் மைத்துனர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தம் அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன். அப்போது மாப்பிள்ளைப் பையன் எழுந்து உள்ளே போய்ப் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டுவந்தான். தரையில் பேப்பர் விரித்தான். அவர் தேய்க்கத் தேய்க்க, பட்டுச் சட்டையோடு தொட்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். வீடு திரும்பும் வழியில் பெண்ணிடம் கேட்டோம். "சம்மதம்" என்றாள். "ஒரு தடவைகூட மூஞ்சியைச் சுளிக்கலை மாமா. அது போறும்."

இத்தனை சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிந்தது ஒரே ஒரு தடவைதான். ஒருநாள் மாலை செம்பூர் ஸ்டேஷன் பாலத்தில் சேர்ந்து இறங்கி வந்தோம். அன்று அவர் பேசவில்லை. பூக்கடை தாண்டியது. ரோஜாச் செடி விற்பவரும் தாண்டினார். கை எதையும் தொடவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"லேப்ல நாள் முழுக்க லென்ஸுக்குள்ளதான் தலை, அண்ணாச்சி. அங்க என் கண்ணுல ஏதாச்சும் பட்டுச்சுன்னா, யாரோ ஒருத்தர் வீட்டுல அன்னைக்குச் சோறு எறங்காது. இன்னைக்குப் பட்டது ஒரு சின்னப் பிள்ளையோடது." சற்று தூரம் நடந்தார். "நான் பாத்து எழுதிக் குடுக்கணும். அவ்வளவுதான். ஒண்ணும் செய்ய ஏலாது. செடியில அப்படி இல்ல. கண்டுபிடிச்ச அன்னைக்கே சோப்புத் தண்ணியக் கரைச்சு அடிச்சிரலாம். பத்து நாள்ல தளிர் வந்திரும். பின்ன சந்தோஷமா இருக்காதா?"

அவர் நவி மும்பைப் பக்கம் சான்பாடாவுக்குக் குடிபோய் வருடங்கள் ஆகிவிட்டன. அவரை நினைக்கும்போது அந்தப் பாலமும் இந்த மார்ச் ஞாயிறும் சேர்ந்தேதான் வருகின்றன.

அன்று காலை வாயைக் கொப்பளித்துவிட்டு, ஈர முகத்தோடு எங்கள் ஹாலுக்குள் ஓடி வந்தார். பாட்டிலை என் கையிலிருந்து பிடுங்கி என் மனைவியிடம் கொடுத்தார். லென்ஸைக் கண்ணோடு சேர்த்து, செம்பருத்திக் கிளையை லென்ஸை நோக்கி வளைத்தார். மூச்சே விடவில்லை. பிறகு ஒரு கூச்சல்.

"அண்ணாச்சி! இது மாவுப்பூச்சி இல்ல! மாவுப்பூச்சியத் திங்க வந்தவன்!"

"வெள்ளையாகத்தானே இருக்கிறது?"

"வேஷம்! பொறிவண்டு இருக்குல்லா, அதுல ஒரு இனத்தோட குட்டி. மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை நூலைச் சுத்திக்கிட்டு அதுக நடுவுலயே உக்காந்து திங்கும். தொட்டுப் பாருங்க."

ஈர்க்குச்சியால் தொட்டேன். மாவுப்பூச்சி என்றால் கிடந்த இடத்திலேயே கிடக்கும். இது தொட்டதும் காலை வீசிக்கொண்டு தண்டில் ஓடியது. நான் என்னை அறியாமல் "ஓடுது!" என்று கத்தினேன். என் மனைவி பாட்டிலோடு எட்டிப் பார்த்தாள்.

"அடிச்சிருந்தியள்னா மொத்தமும் போயிருக்கும்" என்றார். குரல் தணிந்தது. "போன வருஷம் நான் அதைத்தான் செஞ்சேன். பெருசா இருக்கேன்னு ஒவ்வொண்ணா ஸ்பிரிட் வச்சுத் தொடைச்சேன். எவ்வளவு பெருமை எனக்கு! கடைசியில ஒண்ணு தப்பி, கூடு கட்டி, வண்டாப் பறந்துச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, நம்ம ஆளையே அடிச்சிருக்கேன்னு. அதுக்கப்புறம் மாவுப்பூச்சி பெருகுச்சு பாருங்க, ஆறு தொட்டி போச்சு."

மாவுப்பூச்சியிலிருந்து கசியும் இனிப்புப் பிசின் கீழே சொட்டும். அதுதான் நோட்டீஸுக்கே காரணம். செக்ரெட்டரி இரண்டாம் மாடியில், எங்களுக்கு நேர் கீழே இருந்தார். தென்காசிப் பக்கத்து முஸ்லிம், தாராவியில் தோல் பட்டறை. எல்லோருக்கும் பாய். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போடும் அவருடைய வெள்ளை ஜிப்பா கிரில் கொடியில் காயும்போது மூன்று வாரமாகப் பிசுபிசுத்து, எறும்பு ஏறியிருந்தது. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

இப்போது எங்களுக்கு இரண்டு பக்கமும் அடைப்பு. மருந்தடித்தால் பூச்சியைத் தின்னும் குட்டிகள் சாகும். அடிக்காவிட்டால் மாலையில் வரும் பாய் கண்ணுக்கு முன்னைவிடப் பெரிய வெள்ளைதான் தெரியும். அப்புறம் மறுநாள் குப்பை வண்டி.

"மேல ஒங்க செடியில எப்படி?" என்று கேட்டேன்.

"எனக்கு மாவுப்பூச்சி மட்டுந்தான். இவன் ஒங்க வீட்டுக்குத்தான் வந்திருக்கான். இவன் பெருகுனாத்தான் எனக்கும் மேல ஏறி வருவான்." சிரித்தார். ஆனால் லென்ஸைப் பிடித்திருந்த விரல் நூலை முறுக்கிக்கொண்டே இருந்தது.

மாலை பாய் வந்தார். உட்காரச் சொன்னதற்கு நின்றார். டீயை வாங்கிக்கொண்டார். கிரிலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது? முந்தியவிடப் பெருசா இருக்கு. நல்லாத் தின்னு கொழுத்திருக்கு."

"ஆமா பாய். எதத் தின்னு கொழுத்திருக்குன்னு கேளுங்க."

"எனக்கு வெள்ளையா இருந்தா வெள்ளைதான். நோட்டீஸ்ல அப்படித்தான் போட்டிருக்கு. காலையில ஆள் வருவான். நான் ஒருத்தருக்கு ஒரு நியாயம் பேச முடியாது."

"நான் நியாயம் கேக்கல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பட்டறைக்குத் தோல் வந்தா, மேலாப்புல பாத்துட்டு எடுத்துருவியளா?"

பாய் டீயை நிறுத்தினார். "எவன் எடுப்பான்? திருப்பிப் பாக்கணும். கத்தி பட்ட கீறல் எல்லாம் உள்பக்கத்துலதான் கெடக்கும்."

"அப்ப இதையும் திருப்பிப் பாத்துட்டு முடிவு சொல்லுங்க."

கறுப்பு நூலைத் தலைவழியாகக் கழற்றினார். அது அவர் கழுத்தை விட்டு இறங்கி நான் பார்த்தது அன்றுதான். பாய் லென்ஸை வாங்கியதும் தோல்காரர் ஆகிவிட்டார். லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடித்தார், கிளையை வெளிச்சத்துக்குத் திருப்பினார், இலையின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் நிமிர்த்தினார். யாரும் சொல்லித்தரவில்லை.

குட்டி அசையவில்லை.

"இது தின்னலியே."

"கூட்டம் கூடுனா அதுக்கும் கூச்சமா இருக்கும்லா. கொஞ்சம் பொறுங்க."

"தொழுகைக்கு நேரம் ஆகுது, தாயி. சும்மா காலிபீலி என்னைய நிக்க வைக்காத."

டீ ஆறியது. என் மனைவி சுவாமி விளக்கை ஏற்றப் போனவள் பாதியில் திரும்பி வந்து நின்றாள். ஒரு எறும்பு தண்டில் ஏறி வந்தது. குட்டியின் வெள்ளை நூலைத் தன் மீசையால் தடவிப் பார்த்துவிட்டு, நம்மவர்தான் என்பது போல விலகிப் போனது.

"பாத்தியளா? மாவுப்பூச்சிக்கு எறும்புதான் காவல். பிசினுக்காகக் காக்கும். அந்த வாட்ச்மேனையே ஏமாத்திட்டான்! செக்ரெட்டரி எம்மாத்திரம்?"

பாய் சிரித்ததில் கிளை ஆடியது. ஆடிய கிளையில் குட்டி நகர்ந்தது. இரண்டு எட்டு. மூன்று எட்டு. பஞ்சுப் பொதி மாதிரி இருந்த மாவுப்பூச்சி முட்டைப் பைக்கு மேல் போய் நின்றது. தலை உள்ளே போனது.

"ஏய்..." என்றார் பாய். "ஏய், கிழிக்குது! பையையே கிழிக்குது! உள்ள தலைய விட்டுட்டான்! அண்ணாச்சி, வாங்க, பாருங்க! மாமி, நீங்களும் வாங்க!"

லென்ஸை மட்டும் அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. நாங்கள் வெறுங்கண்ணால் வெள்ளைக்குள் வெள்ளை அசைவதைப் பார்த்தோம். பூச்சி அக்கா செடியைப் பார்க்கவே இல்லை. இரண்டு கையையும் வாயில் பொத்திக்கொண்டு பாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது.

கடைசியில் பாய் நிமிர்ந்தார். தொண்டையைக் கனைத்து மறுபடி செக்ரெட்டரி ஆனார். "ரெண்டு ஜும்மா டைம். அதுக்குள்ள என் ஜிப்பா ஒட்டக் கூடாது. நாளைக்கு வாரவனக் கீழ கரப்பானுக்கு மட்டும் அடிக்கச் சொல்லுதேன். ஒங்க வரிசைப் பக்கமே வரமாட்டான். ஆனா ரெண்டே ரெண்டு ஜும்மாதான்."

"பக்கா, பாய். அவன் தின்னுருவான்."

பாய் படியிறங்கிப் போனார். லென்ஸ் அவர் கழுத்தோடு போனது. பூச்சி அக்கா வெறும் கழுத்தைத் தடவிப் பார்த்தார். கூப்பிடவில்லை.

மார்ச் 12, திங்கட்கிழமை. எழுந்ததும் டிரம்மை நிரப்பாமல், பாலை எடுக்காமல், நேராக ஜன்னலைத் திறந்து செம்பருத்தியிடம் போனேன். கிளையைத் தொடுவதற்குள் கீழே கயிறு உரசும் சத்தம். குனிந்து பார்த்தேன். இரண்டாம் மாடி கிரிலில் பாய் ஸ்டூல் போட்டு ஏறி, கழுத்தில் லென்ஸ் ஆட, துணிக்கொடியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாய், விடிஞ்சதும் விடியாததுமா?"

"கொடிய சமையல்கட்டுப் பக்கம் மாத்துதேன். துணி மறைக்குது, கீழருந்து ஒண்ணும் பாக்க ஏலல."

மேலே ஒரு ஜன்னல் திறந்தது. "பாய்! எத்தன தெரியுது?"

பாய் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணாந்தார். என் செம்பருத்தியின் அடிப்பக்கம் முழுவதும் அவருக்கு நேர் மேலே விரிந்து கிடந்தது. "ரெண்டு. இல்ல, பொறு... மூணு! நாலாவது ஒண்ணு மேல ஏறுது! ஒன் வீட்டுக்குத்தான் வருது!"

"வாழ்த்துகள், பாய்!" என்று நான்காம் மாடியிலிருந்து வந்த சத்தத்தில் பக்கத்து விங்கிலும் ஜன்னல்கள் திறந்தன.